உப்பு லெட்ஜரும் ஒரு ஈக்கோ வண்டியும்

எங்கள் கிளையில் என் வண்டிக்குப் பெயர் 'சௌத் இண்டியன் ரசோயி'. கேஷியர் வைத்த பெயர். அப்புறம் வாட்ச்மேன் முதல் கிளை மேலாளர் வரை எல்லோரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்து விட்டார்கள். பழைய மாருதி ஈக்கோ, வெள்ளை நிறம், ஐந்து பேர் உட்காரும் மாடல். அது எப்படி சமையலறை ஆனது, அதில் என்ன சமைக்கிறோம் என்று கேட்கிற நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். சமையல் குறிப்பு மட்டும் வேண்டும் என்பவர்கள் நடுவில் அரிசியும் பருப்பும் சோறு வருகிற இடத்துக்கு நேராகப் போய்விடலாம் :-)

முதலில் நான் இருக்கும் ஊர். மத்தியப் பிரதேசத்தில் சிவனி. கிப்ளிங்கின் மோக்லி ஓடித் திரிந்ததாகச் சொல்லப்படும் காடு இந்தப் பக்கம்தான். இங்கே மாற்றலாகி வந்து மூன்று வருடம் ஆகப் போகிறது. நான் நாமக்கல்காரன். ஊருக்கும் எனக்கும் நடுவில் ஏறக்குறைய 1,450 கிலோமீட்டர். ஆனால் இந்த ஊரை ஒட்டிப் போகும் ரோடும் எங்கள் நாமக்கல்லைத் தொட்டுப் போகும் ரோடும் ஒன்றேதான். ஸ்ரீநகரில் கிளம்பி கன்னியாகுமரியில் முடியும் என்.எச்.44. 2010ல் நம்பர் மாற்றுவதற்கு முன்னால் என்.எச்.7. அப்பா இன்னமும் 'ஏழாம் நம்பர் ரோடு' என்றுதான் சொல்வார். அப்பா லாரி டிரைவர். 1971ல் கிளீனராக ஏறி 2004ல் ஸ்டியரிங்கை விட்டு இறங்கியவர். நான் பி.காம். படித்து வங்கியில் சேர்ந்ததெல்லாம் அந்த ஏழாம் நம்பர் ரோட்டில் சம்பாதித்த பணத்தில்தான்.

அம்மா போன வருடம் பிப்ரவரியில் போய்விட்டாள். அப்பாவுக்கு சிறுநீரகம் ஏற்கனவே பழுது. டயாலிசிஸ் வரை போகவில்லை, ஆனால் போய்விடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். உப்பைக் குறைக்க வேண்டும், பொட்டாசியம் அதிகமுள்ள காய்களைத் தவிர்க்க வேண்டும், குடிக்கும் தண்ணீருக்கும் அளவு. அம்மா இருந்தவரை அவள் பார்த்துக் கொண்டாள். அவளுக்குப் பிறகு தனியாக நாமக்கல் வீட்டில் இருந்து கொண்டு மெஸ் சாப்பாட்டை வாங்கி வைத்துவிட்டு, பாதி நாள் திறக்காமலே விட்டிருக்கிறார். திறந்த நாட்களில் சாம்பாரும் ஊறுகாயும். கால் வீங்கிவிட்டது. திருப்பூரில் இருக்கும் என் அக்கா இரண்டு மாதம் கூட்டிப் போய் வைத்துப் பார்த்தாள். அங்கேயும் தட்டில் போட்டதை அப்படியே ஒதுக்கி வைத்தாராம். "பையன் கூடத்தான் போயி இருங்களேன்" என்று அக்கா அழுதிருக்கிறாள். மாட்டேன் என்று சொல்லவில்லை. "ரயில்ல வரமாட்டேன். ரோட்டுலன்னா வாரேன்" என்றார்.

ரயிலென்றால் நாக்பூரில் இறங்கி, அங்கிருந்து 130 கிலோமீட்டர் காரில் வர வேண்டும், ஒன்றரை நாள் சமாச்சாரம். ரோடு என்றால், இந்த உடம்போடு ஒரு நாளைக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் முடியாது. ஆறு நாள். ஆறு நாள் ஓட்டல் சாப்பாடு என்பது அவரைப் பொறுத்தவரை ஆறு நாள் விஷம். ஆகவே ஓடுகிற வண்டியிலேயே அடுப்பு இருந்தாக வேண்டும். வேறு வழியில்லாமல்தான் ஈக்கோ அவதாரம் மாறியது. இந்த 'வேன் லைஃப்' படங்களில் வருகிற ஜன்னல் திரை, சீரியல் பல்பு எதுவும் என் வண்டியில் கிடையாது.

பின் சீட்டைக் கழற்றி வீட்டுக்குள் வைத்து விட்டு, இங்குள்ள தச்சரிடம் பிளைவுட்டில் ஒரு நீளப் பெட்டி செய்தேன். மேலே மெத்தை, கீழே சாமான். பின் கதவைத் தூக்கினால் இழுக்கிற மாதிரி ஒரு பலகை, அதுதான் மேடை. எல்லாமே நட்டு போல்ட்டில் நிற்கிறது, ஒரு மணி நேரத்தில் பிரித்து சீட்டை மாட்டி விடலாம். தகரத்தை வெட்டவில்லை, ஓட்டை போடவில்லை. கடன் பிரிவில் இருப்பவனுக்கு மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 தெரியாமல் இருக்காது. தயாரித்த கம்பெனி சொன்ன விவரங்களில் இருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பதை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அழுத்திச் சொல்லிவிட்டது. இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் என்று வரும்போது இதுதான் முதலில் எழும் கேள்வி. இதே மாதிரி செய்ய நினைப்பவர்கள் ஆர்.டி.ஓ. ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு தச்சரிடம் போங்கள்.

அடுப்பு ஒற்றை பர்னர். கேஸ், பெட்ரோல் பங்கில் விற்கும் ஐந்து கிலோ சிலிண்டர். முகவரிச் சான்று கேட்பதில்லை, அடையாள அட்டை போதும். மாற்றலில் திரியும் என் போன்ற ஆட்களுக்காகவே கண்டுபிடித்தது மாதிரி இருக்கிறது. போக வர எங்கள் சமையலுக்கு அதில் பாதி கூடத் தீரவில்லை.

டிசம்பரில் லீவு போட்டு, தனியாக மூன்று நாளில் நாமக்கல் போய்ச் சேர்ந்தேன். பெருமையாகப் பின் கதவைத் திறந்து காட்டினேன். அப்பா ஒரு நிமிஷம் பார்த்தார். "சிலிண்டர ஏங்கண்ணு உள்ளாற வெச்சிருக்கறே?" என்றார். சமையல் வாயு காற்றை விடக் கனமானது, கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும். மூடிய வண்டியின் தரையில் தேங்கினால் என்ன ஆகும் என்று நாமக்கல்காரனுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. கேஸ் டேங்கர் லாரிகளுக்குப் பேர் போன ஊர் அது. அவர் வைத்த விதிகள் மூன்று. சமைக்கும்போது சிலிண்டர் வண்டிக்கு வெளியே தரையில் நிற்க வேண்டும். மழை பெய்தாலும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே சமைக்கக் கூடாது. வண்டி நகரும் முன் ரெகுலேட்டரைக் கழற்றி மூடி போட வேண்டும். பெட்ரோல் பங்கில் தூங்கலாம், அடுப்புப் பற்ற வைக்கக் கூடாது என்பதும் உண்டு, அது அரசாங்க விதி. நான் வாங்கி வைத்திருந்த ஒன்பது பாத்திரங்களில் ஏழை வீட்டிலேயே இறக்கி வைத்தார். "வண்டியில ஆக்கறதுக்கு ரெண்டு குண்டாவும் ஒரு கரண்டியும் போதும். மத்ததெல்லாம் கழுவறதுக்குத்தான்."

என் பங்குக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தேன். சாதாரணமாக ஒரு ஆளுக்கே நாளைக்கு ஐந்து கிராம் உப்புக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். அப்பாவுக்கு எங்கள் டாக்டர் அதிலும் குறைத்து மூன்று கிராம் என்றார். தண்ணீர், டீ, ரசம், மோர் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒன்றேகால் லிட்டர். (இது அவருடைய உடம்புக்குச் சொன்னது. வேறு யாரும் இதைப் பார்த்து அளக்க வேண்டாம்.) தினமும் காலையில் மூன்று கிராம் உப்பை எடை போட்டு ஒரு சின்ன டப்பாவில் போட்டு விடுவேன். அதுதான் ஓப்பனிங் பேலன்ஸ். ராத்திரி டப்பாவில் மிச்சம் இருந்தால் கேரி ஃபார்வர்டு கிடையாது. "ஊருல இருக்கறவனெல்லாம் நகைக்கு லெட்ஜர் போடறான், எம்பையன் உப்புக்குப் போடறான்" என்று கிருஷ்ணகிரி தாபாவில் யாரோ ஒரு சேலத்து டிரைவரிடம் சொல்லிச் சிரித்தார். எட்டு மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்துப் பார்த்தேன்.

கடையில் 'லோ சோடியம்' என்று ஒரு உப்பு விற்கிறதே, அதை வாங்கலாமே என்று பலர் சொல்வார்கள். அதில் சோடியத்துக்குப் பதிலாகப் போடுவது பொட்டாசியம் குளோரைடு. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அதுதான் கூடாது. வீட்டில் இப்படி நோயாளி இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் அந்தப் பாக்கெட்டைத் தொட வேண்டாம்.

இப்போது சமையல். அரிசியும் பருப்பும் சோறு எங்கள் கொங்குப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு செய்வது. வீட்டில் இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு துவரம் பருப்பு போடுவோம். அப்பாவுக்குப் பருப்பும் அளவு என்பதால் இரண்டு கை அரிசிக்கு அரைப் பிடி. குண்டாவில் கொஞ்சம் எண்ணெய், கடுகு, சீரகம், வரமிளகாய், நாலு பல் பூண்டு தட்டிப் போட்டு, சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி. தக்காளியை விட்டுவிட்டோம். தண்ணீர் கொதித்ததும் ஊற வைத்த பருப்பும் அரிசியும். முக்கால் வேக்காடு வந்ததும் அப்பா அடுப்பை நிறுத்திவிட்டார். குண்டாவை மூடி, பழைய சாக்கில் இரண்டு சுற்று சுற்றி, அதன் மேல் ஒரு போர்வை. "எடு வண்டிய" என்றார். நாற்பது நிமிடம் ஓடி நிறுத்தித் திறந்தால் பொலபொலவென்று வெந்திருந்தது. அந்தக் காலத்து லாரியில் இன்ஜின் பானெட் கேபினுக்குள்ளேயே இருக்கும், சாக்கில் சுற்றின குண்டாவை அதன் மேல் வைத்து விடுவார்களாம். ஈக்கோவிலும் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில்தான். கால் சுடுகிறது என்று மூன்று வருடமாக நான் திட்டிக் கொண்டிருந்த சூடு.

இறக்கியதும் அரை ஸ்பூன் நெய். உப்பை வேகும்போது போடாமல், தட்டில் போட்ட பிறகு மேலாகத் தூவச் சொன்னது என் மனைவி, போனில். அதே ஒரு கிராம் நாக்கில் நேராகப் படும்போது இரண்டு கிராம் மாதிரி தெரிகிறது. அப்பா மறு பேச்சில்லாமல் அதை ஏற்றுக் கொண்டார். மருமகளின் யோசனை என்று நான் சொல்லவில்லை.

காய்தான் பெரிய தலைவலி. பொட்டாசியத்தைக் குறைக்க காயைச் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேக வைத்து, அந்தத் தண்ணீரைக் கீழே கொட்ட வேண்டும். வீட்டில் சரி. இருபது லிட்டர் கேன் இரண்டோடு ஓடுகிற வண்டியில் ஒரு பொரியலுக்கு இரண்டு லிட்டரைக் கொட்டுவது மனசுக்கு ஒப்பவில்லை. "சத்தையெல்லாம் கீழ ஊத்தறயே" என்று அப்பா புலம்பியது ஒரு பக்கம். வழியும் அவரே கண்டுபிடித்தார். கொட்டுகிற தண்ணீரைச் சூடாகவே இரண்டாவது குண்டாவில் ஊற்றி, சாம்பல் மாதிரி தேய்த்து பாத்திரம் கழுவுவது. சோறு வடித்த நாட்களில் கஞ்சித் தண்ணீரும் அப்படியே. எண்ணெய்ப் பிசுக்கு சோப்பே இல்லாமல் போய்விடுகிறது. சுரைக்காய், முட்டைக்கோஸ், புடலங்காய் இவற்றில் பொட்டாசியம் குறைவு என்பதால் வழியெல்லாம் அவைதான். கர்னூல் வரை புடலை கிடைத்தது. அதற்கு மேலே போகப் போக சுரைக்காய்தான் ராஜா. நம்மூரில் மதிக்காத இந்தக் காயை இந்தப் பக்கம் லௌகி, லௌகி என்று கொண்டாடுகிறார்கள்.

அப்பா வண்டிக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சமைப்பார். நான் நறுக்கிக் கொடுப்பேன். வழியில் ஒரு இடத்தில் நிறுத்தச் சொன்னார். ரோட்டோரம் வெறும் பொட்டல். இங்கேதான் பழைய செக்போஸ்ட் வரிசை நிற்கும் என்றார். இரண்டு மைல் நீளத்துக்கு லாரி. ஒரு தடவை நாள் முழுக்க அசையவில்லையாம். பக்கத்து லாரிகளோடு சேர்ந்து, ஒருத்தர் அரிசி, ஒருத்தர் பருப்பு, ஒருத்தர் கருவாடு என்று போட்டு ஆக்கிச் சாப்பிட்டிருக்கிறார்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து மாநில எல்லைகளில் விற்பனை வரி செக்போஸ்ட்கள் போயின. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானது. 2025 அக்டோபருக்குப் பிறகு தயாராகும் லாரிகளில் ஏ.சி. கேபினும் கட்டாயம். வங்கிக்காரனாக இதெல்லாம் எனக்குச் சந்தோஷம். லாரி நிற்காமல் ஓடினால்தான் கடன் தவணை ஒழுங்காக வரும். ஆனால் நிற்கிற நேரத்தில்தான் இவர்கள் சமைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. ஆறு நாளில் ரோட்டோரம் அடுப்பு மூட்டிய லாரி நான் எண்ணியது நாலே நாலு. அதில் இரண்டு திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள். போர் போடப் போகிறவர்கள், மாதக் கணக்கில் ஊர் திரும்பாதவர்கள், இன்னமும் சப்போர்ட் லாரியிலேயே பொங்கித் தின்கிறார்கள். அப்பாவைப் பார்த்ததும் வாங்கய்யா என்று ஒரு கிண்ணம் கறிக் குழம்பு நீட்டினார்கள். மோந்து பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்துவிட்டார்.

நாலாவது நாள் ராத்திரி அடிலாபாத் பக்கம் ஒரு தாபாவில் நின்றோம். நல்ல குளிர். பெட்டிக் கட்டிலில் இரண்டு பேரும் ஒட்டிப் படுத்திருந்தோம். சின்ன வயதுக்குப் பிறகு அப்பா பக்கத்தில் படுத்தது இந்த ஆறு நாள்தான். மூன்று மணிக்கு விழித்துப் பார்த்தால் ஆளைக் காணோம். வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து டீ போட்டுக் கொண்டிருந்தார்.

"நூறு மில்லி, எழுதிக்கோ" என்றார்.

நானும் போர்வையோடு இறங்கி உட்கார்ந்தேன். ஏனப்பா அக்கா வீட்டில் சாப்பிடவில்லை, அவள் எவ்வளவு பாடுபட்டாள் தெரியுமா என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாமோ என்று அடுத்த நொடியே தோன்றியது, ஆனால் அவர் கோபப்படவில்லை. ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்.

"உங்கம்மா எனக்கு ஆக்கிப் போட்டது மாசத்துல ஏழெட்டு நாளுதான் கண்ணு. மொத நாளைக்குக் கட்டுச்சோறு கட்டிக் குடுப்பா. அக்கட்டால நாந்தான் ஆக்கித் தின்னுக்கறது. முப்பத்தி மூணு வருசம் அப்படியே போச்சு. வண்டிய வுட்டு எறங்கி வூட்டோட வந்தப்பறம், இனி நீங்க அடுப்புகிட்ட வரக்கூடாதுன்னுட்டா. இத்தன வருசம் நான் இருந்தும் இல்லாத மாதிரி ஆக்கித் தின்னீங்க, போதும்னா. வரவே வுடல. இப்ப அவ இல்ல. அவ அடுப்புல போயி நிக்கறதுக்கு எனக்குக் கால் வல்ல. ஒருத்தரு ஆக்கி வெக்கறதும் எறங்கல. பசிக்காமயா இருக்கும்?"

டீயை ஊதிக் குடித்தார். நான் நோட்டில் நூறு என்று எழுதினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

மறுநாள் பென்கங்கா பாலம் தாண்டி மகாராஷ்டிரா. இரண்டு பக்கமும் பருத்திக் காடு, வெடித்த பஞ்சு கடைசி எடுப்புக்கு நின்றது. ஆறாம் நாள் மன்சர் தாண்டி பெஞ்ச் காட்டுக்குள் ரோடு நுழையும் இடத்தில், விலங்குகள் கீழே கடந்து போக உயரமாகப் பாலம் கட்டி விட்டிருப்பதைக் காட்டினேன். "எங்களுக்கு ஒரு நெழல் கட்டலையே அந்தக் காலத்துல" என்றார்.

சிவனியில் மனைவி அவருக்கென்று ஏற்பாடெல்லாம் செய்து வைத்திருந்தாள். முதல் நாள் மதியம் அவள் பார்த்துப் பார்த்து உப்பில்லாமல் செய்ததை இரண்டு வாய் சாப்பிட்டு எழுந்துவிட்டார். அவள் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. ராத்திரி அடிலாபாத் விஷயத்தை அவளிடம் சொன்னேன். காலையில் எழுந்து பார்த்தால் வண்டி போர்ட்டிகோவில் இல்லை. கேட்டுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் நிறுத்தியிருந்தாள் (அவளும் ஓட்டுவாள்). பின் கதவு தூக்கியிருந்தது. "மாமா, அரிசி மட்டும் ஊற வெச்சிருக்கேனுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டாள்.

அன்றிலிருந்து அப்பா அங்கேதான் சமைக்கிறார். பக்கத்து பாலாகாட்டில் விளையும் சின்னோர் அரிசி, 2021ல் புவிசார் குறியீடு வாங்கியது, அதை வாங்கிக் கொடுத்தேன். "வாசமா இருக்கு, வவுறுதான் நெறயல" என்று சொல்லிக் கொண்டே தினமும் அதையே வடிக்கிறார். காலனியில் பேச்சு வராமல் இல்லை. எதிர்வீட்டு அம்மா என் மனைவியைப் பிடித்து, பெரியவரை ஏன் தெருவில் சமைக்க விட்டிருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். இவள் இந்தியில் என்ன பதில் சொன்னாளோ, இப்போது அந்த அம்மாவே தோட்டத்துச் சுரைக்காயைக் கொண்டு வந்து கொடுக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நாங்களும் தட்டை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போய்விடுகிறோம். எங்களுக்கு உப்பு தனி டப்பா.

இது குணமாகிற வியாதி இல்லை, தெரியும். அக்டோபரில் கிரியேட்டினின் 3.1. மார்ச்சில் 2.9. நாக்பூர் டாக்டர் இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இப்போதைக்கு இப்படியே போகட்டும், மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார். என் நோட்டையும் புரட்டிப் பார்த்தார்.

மே மாதம் இங்கே வெயில் கொளுத்தும், மரத்தடியில் எப்படி அடுப்பு மூட்டுவது என்பது ஒரு கவலை. அதை விடப் பெரியது மாற்றல். ஜூனில் மூன்று வருடம் முடிகிறது. போன வாரம் விருப்பப் படிவம் வந்தது, மூன்று இடம் எழுதித் தர வேண்டும். ஊருக்குப் பக்கமாகக் கோவை, ஈரோடு என்று எழுதலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். சுரைக்காயை நறுக்கிக் கொண்டே, "எந்த ஊருன்னாலும் எழுது கண்ணு. ஏழாம் நம்பர் ரோட்டு மேல இருக்கற ஊராப் பாத்து எழுது" என்றார். நான் மேப்பை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.